எங்கள் பிள்ளையை விட்டுவிடுங்கள்

வெம்பிளி, லண்டன்
14 ஜூலை 2024

அன்பு மகள் சிவரூபினிக்கு,

அப்பா எழுதுகிறேன். யாரும் எழுதித் தரவில்லை, நானேதான். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மருமகன் ஆரணனும் பேத்தி கம்சிகாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

உன்னிடம் மறைத்து ஒரு காரியம் செய்தேன். இங்கே சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கிறது. மாரி காலத்தில் ஒரு நாள் மழைக்கு ஒதுங்கி அந்த மண்டபத்து வாசலில் நின்றேன். அனோஜினி ரீச்சர் கண்டுவிட்டு, "உள்ள வந்து இருங்கோ ஐயா, கதிரை இருக்குது" என்றா. அதோடு போகத் தொடங்கிவிட்டேன். கதிரை சின்னது, முழங்கால் நாடியில் முட்டும். பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு ஆறு வயது. "அங்கிள், நீங்கள் ஃபெயிலா?" என்று கேட்டது. "ஓம், எழுபது வருசமா ஃபெயில்" என்றேன். வகுப்பே சிரித்தது.

அம்மா இருந்த காலத்தில் எல்லாக் கடிதமும் அவள்தான் வாசித்தாள், அவள்தான் எழுதினாள். இப்போது ஈலிங் ரோட்டில் நடந்தால் கடைப் பலகைகள் எல்லாம் என்னோடு பேசுகின்றன. ஒரு கடையில் 'உறைப்புக் கச்சான்' என்று எழுதியிருப்பதை வாசித்துவிட்டு, வாசித்த சந்தோசத்தில் இரண்டு பைக்கற் வாங்கினேன். எனக்கு அந்தக் கடலையைக் கடிக்கப் பல் இல்லை.

இந்தக் கடிதத்தை நாலு காலையாக எழுதுகிறேன். கை நோகிறது. அது நல்ல நோவு.

ஒரு விசயம் கேட்க வேண்டும். போன ஞாயிறு போனில், கம்சிகாவுக்கு அங்கத்தைய எம்பியிடம் ஒரு கடிதம் வேண்டும் என்று சொல்லத் தொடங்கினாய். பிறகு குரல் மாறி, "வேறொரு நாள் சொல்றன் அப்பா" என்றாய். என்ன கடிதம்? நீ எழுது. இனி எனக்கு வாசிக்கத் தெரியும்.

அன்புடன் அப்பா,
ஸ்ரீஸ்கந்தராஜா

*

நியூ ஜெர்சி
3 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தபால் பெட்டியடியிலேயே நின்றுவிட்டேன். உங்கள் எழுத்து எப்படி இருக்கும் என்று எனக்கு இவ்வளவு காலமும் தெரியாதே. நாங்கள் மூவரும் சுகம். நீங்கள் பிரஷர் குளிசையை மறக்காமல் போடுங்கள்.

நீங்கள் எழுதப் பழகியது எனக்கு இன்னொரு வகையில் உதவி. கம்சிகாவுக்குத் தமிழ் கேட்டால் முழுதும் விளங்கும், வாசிக்கத் தெரியாது. போனில் சொல்ல முடியாததை இனிக் கடிதத்தில் சொல்லலாம்.

அப்பா, அவள் நேவிக்குப் போகக் கேட்கிறாள். சும்மா சேர்வதல்ல. அனாபொலிஸ் என்ற ஊரில் கடற்படை அகடமி இருக்கிறது. நாலு வருடம் படிப்பு, முடிந்ததும் அதிகாரி. பிறகு குறைந்தது ஐந்து வருடம் கடலில் வேலை செய்தே ஆகவேண்டும். மார்க்ஸ் மட்டும் இருந்தால் எடுக்க மாட்டார்கள். எங்கள் தொகுதிக் காங்கிரஸ் உறுப்பினர், நான் போனில் சொன்ன அந்த எம்பி, அவள் பெயரை முன்மொழிய வேண்டும். ஒரு இடத்துக்குப் பத்துப் பதினைந்து பெயர் கொடுப்பார், அதில் ஒருவரை அகடமி எடுக்கும். அந்தப் பெயர்களில் ஒன்றாக வருவதற்குத்தான் இரண்டு வருடமாகக் காலையில் ஓடுகிறாள், நீந்துகிறாள். உங்கள் மருமகன் பெருமையோடு காரில் கொண்டுபோய் விடுகிறார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் உங்களுக்குப் போன் பண்ணுவாள். வாழ்த்தவும் வேண்டாம், ஏசவும் வேண்டாம். ரதீசன் அண்ணையைப் பற்றிக் கேட்டால், நெருப்புக் காய்ச்சலில் போனார் என்றுதான் நான் சொல்லி வைத்திருக்கிறேன். அப்படியே இருக்கட்டும்.

உங்கள் மகள்,
சிவரூபினி

*

வெம்பிளி
25 ஆகஸ்ட் 2024

அன்பு மகள் ரூபிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் மூவரின் சுகம் அறிந்து ஆறுதல். எனக்குக் காலில் கொஞ்சம் வீக்கம், பயப்பட ஒன்றுமில்லை.

நான் வாசிக்கப் பழகியது இதை வாசிக்கத்தானா என்று முதலில் நினைத்தேன். நேவி என்ற சொல் வந்த இடத்தில் கடிதத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு, போய்த் தேத்தண்ணி போட்டேன். குடிக்கவில்லை. திரும்ப எடுத்து வாசித்தேன். மாறவில்லை.

கம்சிகா போன் பண்ணினாள். நன்றாகக் கதைத்தாள். "அம்மப்பா, உங்களுக்குக் கடல் பயமா?" என்று கேட்டாள். "கடல் எனக்குப் பயமில்லைப் பிள்ளை" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஊரில் நேவிக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும், உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அண்ணன் போன வள்ளம் வரவில்லை என்று நாங்கள் அழுதுகொண்டிருக்கும்போதே, அவன் எங்கே என்று எங்களிடம் கேட்க வந்தார்கள். நீ என் சாரத்தைப் பிடித்த பிடி எனக்கு இன்னும் இடுப்பில் இருக்கிறது. அந்தச் சப்பாத்துச் சத்தத்துக்குப் பயந்துதானே இவ்வளவு தூரம் வந்தோம். இப்போது எங்கள் பிள்ளையே அந்தச் சப்பாத்தைக் கேட்டுப் போகிறது.

அது வேறு நாடு, வேறு நேவி என்று நீ சொல்வாய். எனக்கும் தெரியும். ஆனால் தண்ணீர் ஒன்றுதானே.

அன்புடன் அப்பா

*

நியூ ஜெர்சி
19 செப்டம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கால் வீக்கத்துக்கு டொக்டரிடம் காட்டினீர்களா? நாங்கள் சுகம். இங்கே குளிர் தொடங்குகிறது.

விண்ணப்பம் எல்லாம் அனுப்பிவிட்டாள். கணக்கு ஆசிரியரும் நீச்சல் பயிற்சியாளரும் அவளைப் பற்றி எழுதிக் கொடுத்தார்கள். ஏன் போக விரும்புகிறாய் என்று ஒரு கட்டுரையும் எழுத வேண்டும். என்னிடம் காட்டினாள். ஆங்கிலம் நல்ல ஆங்கிலம். இனி நவம்பர் கடைசியில் நேர்முகம். காங்கிரஸ் உறுப்பினர் நியமித்த குழு கேள்வி கேட்கும்.

நான் தடுத்தால் அவள் ஆயுளுக்கும் என் முகம் பார்க்க மாட்டாள். தடுக்காவிட்டால் என்ன என்பதை எழுத எனக்குக் கை வரவில்லை.

கோவிலில் அவள் பெயரில் ஒரு அர்ச்சனை செய்துவிடுங்கள். சித்திரை நட்சத்திரம்.

உங்கள் மகள்,
சிவரூபினி

*

வெம்பிளி
6 அக்டோபர் 2024

அன்பு மகளுக்கு,

டொக்டர் பார்த்தார், உப்பைக் குறைக்கச் சொன்னார். மருமகனையும் உப்பைக் குறைக்கச் சொல், அவருக்கும் வயது போகிறது.

வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போனேன். தட்டைக் கொடுத்துப் பெயரும் நட்சத்திரமும் சொன்னேன். குருக்கள் நல்ல மனிதர், விபரமாகக் கேட்பவர். "என்ன காரியம் சித்திக்க வேணும்?" என்றார். பேத்தி ஒரு இடத்துக்குக் கேட்டிருக்கிறா என்றேன். "கிடைக்க வேணும் எண்டு சொல்லட்டோ?"

ரூபி, எதைச் சொல்லச் சொல்வது? நீ எழுதவில்லையே, கிடைக்கவா கிடைக்காமல் இருக்கவா என்று. எனக்குப் பின்னால் சனம் வரிசையில் நிற்கிறது. குருக்கள், "சரி, அம்மனுக்கு விளங்கும்" என்றார். "அம்மனுக்கு விளங்கும் ஐயா, எனக்கு விளங்க வேண்டாமோ?" என்றேன். பின்னால் நின்றவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருநீற்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எதைக் கேட்டுவிட்டு வந்தேன் என்று எனக்கே தெரியாது.

இன்னொரு யோசனை. நாங்கள் வந்த புதிதில் எங்கள் அகதிக் கேஸ் வருடக்கணக்காகக் கிடந்தது. எம்பியைப் போய்ப் பார்த்தோம். அவர் ஒரு கடிதம் போட்டார், காரியம் நடந்தது. ஊரில் என்றாலும் எம்பியின் துண்டுச் சீட்டு இல்லாமல் ஒரு பியோன் வேலை கிடைக்காது. எம்பிமார் மனிதர்கள்தான், சொன்னால் கேட்பார்கள். ஒரு கடிதத்தால் நடக்கிற காரியத்தை இன்னொரு கடிதத்தால் நிறுத்தவும் முடியும்தானே.

அந்தக் காங்கிரஸ்காரரின் விலாசம் என்ன?

அன்புடன் அப்பா

*

வெம்பிளி
30 அக்டோபர் 2024

அன்பு மகளுக்கு,

சுகமா? உன் பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் மழை, குளிர், மரக்கறி விலை மட்டும் கதைக்கிறாய். பக்கத்தில் பிள்ளை இருக்கிறாள் என்று விளங்குகிறது. விலாசம் கேட்டேன். நீ தரவும் இல்லை, எழுதாதே என்று சொல்லவும் இல்லை.

அதனால் எங்கள் எம்பியின் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஜதுர்ஷிகா என்று எங்கள் பிள்ளை ஒருத்தி வேலை செய்கிறாள். என் முறை வந்தது. எங்கள் எம்பி அங்கத்தைய எம்பியோடு ஒரு சொல் கதைக்க வேண்டும் என்றேன். அவள் சிரிக்காமல் கேட்டாள். "அங்கிள், நாங்கள் இந்தத் தொகுதி ஆக்களுக்குத்தான் செய்யலாம். அமெரிக்காவுக்கு எங்களால ஏலாது" என்றாள். பிறகு, "அந்தப் பிள்ளைக்குப் போக விருப்பமோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "அப்ப ஆருக்குப் பிரச்சினை?" எனக்கு என்றேன். நான் உன் ஊர்ப் பெயரைக் கொடுத்துக் கேட்டதால், கம்பியூட்டரில் தேடி விலாசத்தை மட்டும் எழுதித் தந்தாள்.

எனக்கு ஆங்கிலம் எழுத வராது. தமிழில்தான் எழுதினேன். பெரிய நாடு, தமிழ் தெரிந்தவர் ஒருவராவது அங்கே இருப்பார். கம்சிகாவின் பெயரை மட்டும் அவள் அனுப்பிய பிறந்தநாள் கார்டைப் பார்த்து ஆங்கிலத்தில் கீறினேன். பின்னால் என் விலாசமும் போட்டேன். தபாலில் சேர்த்து இன்றைக்கு ஒரு கிழமை. சேர்த்து வந்த அன்று, வாழ்க்கையில் முதல்முறை ஒரு பெரிய மனிதருக்கு நானே எழுதினேன் என்று சந்தோசமாக இருந்தது. இப்போது அந்தத் தபால் பெட்டியடியால் நடக்காமல் சுற்றிப் போகிறேன்.

எனக்கு எழுது ரூபி.

அப்பா

*

நியூ ஜெர்சி
18 நவம்பர் 2024

அப்பாவுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சுகம் என்று எழுத முடியவில்லை.

அந்த அலுவலகத்தில் இருந்து கம்சிகாவை அழைத்தார்கள். லண்டனில் இருந்து உன் பெயர் போட்டு ஒரு கடிதம் வந்திருக்கிறது, எங்களுக்கு மொழி தெரியவில்லை, உனக்குத் தெரியுமா என்று கேட்டு ஒரு பிரதி அனுப்பினார்கள். அவள் அதைக் கொண்டுவந்து குசினியில் என்னிடம் நீட்டினாள். "அம்மா, அம்மப்பான்ர எழுத்து. வாசியுங்கோ" என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு. நீங்கள் அவளுக்காகச் சிபாரிசு பண்ணியிருக்கிறீர்கள் என்று நினைத்துவிட்டாள், அப்பா.

நான் கடிதத்தைப் பார்த்துக்கொண்டே வேறு ஒன்றை வாசித்தேன். என் பேத்தி கெட்டிக்காரி, ஒழுக்கமானவள், தாங்கள் தயவுகூர்ந்து அவளைத் தெரிவு செய்ய வேண்டும் என்று. இரண்டு வசனம்தான் சொல்லியிருப்பேன். அவள் சிரிப்பு நின்றது. "அம்மா, அம்மப்பா இப்பிடிக் கதைக்க மாட்டார்" என்றாள்.

பிறகு உள்ளதை வாசித்தேன். 'ஐயா, உங்களிடம் நிறையப் பிள்ளைகள் கேட்டு வருவார்கள். எங்கள் பிள்ளையை விட்டுவிடுங்கள். நான் ஏற்கெனவே ஒரு பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவன். அவனுக்குப் பதினெட்டு வயது. இவளுக்குப் பதினேழு.' அந்த இடத்தில் அவள், "ஆர் அது?" என்று கேட்டாள். நெருப்புக் காய்ச்சல் அதோடு முடிந்தது. எல்லாவற்றையும் சொல்ல வேண்டி வந்தது. அவள் அழவில்லை. கடிதத்தை வாங்கிக்கொண்டு மேலே போய்விட்டாள்.

நீங்கள் விலாசம் கேட்டபோது, எழுதாதீர்கள் என்று நான் பதில் போட்டிருக்கலாம். போடவில்லை. அதனால் உங்களோடு கோபிக்கவும் எனக்கு வாய் இல்லை.

வருகிற சனிக்கிழமை நேர்முகம்.

சிவரூபினி

*

வெம்பிளி
8 டிசம்பர் 2024

அன்பு மகளுக்கு,

உங்கள் மூவரின் சுகத்துக்கும் கடவுளை வேண்டுகிறேன். என் சுகத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

நேர்முகம் முடிந்திருக்கும். என்ன நடந்தது என்று நீ எழுதவில்லை. பிள்ளையும் போன் பண்ணவில்லை. முன்பு ஞாயிறுகளில் பின்னால் அவள் குரல் கேட்கும், இப்போது அதுவும் கேட்பதில்லை.

என் கடிதத்தால் அவளுக்கு இடம் இல்லாமல் போய்விட்டதோ என்று ஒரு பயம். என் கடிதத்தை மீறியும் இடம் கிடைத்துவிட்டதோ என்று இன்னொரு பயம். காலையில் ஒன்று, பின்னேரம் மற்றது.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். வெம்பிளி ஸ்ரேசன் வாசலில் சிவப்புப் பூ விற்றார்கள், போரில் செத்தவர்களுக்காக வருடாவருடம் விற்பது. விற்றது சீருடை போட்ட ஒரு பெண்பிள்ளை. கம்சிகாவின் வயதுதான், தலையை இழுத்துக் கட்டியிருந்தாள். நான் காசு போட்டேன். பூவைக் குத்திவிட என்று என் கோட்டுக்குக் கிட்ட வந்தாள். என் இரண்டு கையும் தன்பாட்டில் மேலே போய்விட்டன, ரூபி. ஊரில் செக்பொயின்றில் சோதிக்கும்போது தூக்குகிற மாதிரி. நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். நல்ல பிள்ளை. பூவை நேராகக் குத்திவிட்டு, "தாங்க் யூ, சேர்" என்றாள்.

கம்சிகா என்னோடு கோபமா? அதையாவது எழுது.

அப்பா

*

நியூ ஜெர்சி
29 டிசம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

குளிருக்குள் வெளியே திரியாதீர்கள். நாங்கள் உடம்பளவில் சுகம். தாமதத்துக்கு மன்னியுங்கள், என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது கம்சிகாவே சொல்லச் சொல்கிறாள்.

நேர்முகத்தில் ஐந்து பேர் இருந்தார்களாம். உன் வீட்டார் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டாராம். "என் தாத்தாவுக்கு விருப்பமில்லை. அவருக்குக் காரணம் இருக்கிறது" என்று சொன்னாளாம். அவர் ஏதோ குறித்துக்கொண்டாராம். நல்லதுக்கோ கெட்டதுக்கோ தெரியாது.

இனி அவள் சொல்வது. பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

"அம்மப்பா, நான் கோபமில்லை. கொஞ்சம் கோபம். நீங்கள் தெரியாத ஒரு ஆளுக்கு எழுதினீங்கள், எனக்குச் சொல்லேல்லை. போன்ல கேட்டன், கடல் பயமில்லை எண்டு சொன்னீங்கள். மாமாவைப் பற்றி நான் பேப்பர்ல வாசிச்சு அறிஞ்ச மாதிரி அறிஞ்சன். இப்ப கேக்கிறன். வேண்டாம் எண்டு நீங்கள் எனக்குச் சொன்னா நான் போக மாட்டன், பெயர் வந்தாலும் போக மாட்டன். ப்ராமிஸ். ஆனா எனக்குச் சொல்லுங்கோ. வேற ஆருக்கும் இல்லை."

அவள் சொல்லி முடித்த பிறகு நான் கேட்டேன், நான் வேண்டாம் என்றால் என்று. "நீங்கள் சொல்ல மாட்டீங்கள் அம்மா. ரெண்டு வருசமாச் சொல்லேல்லையே" என்றாள். எழும்பிப் போய்விட்டாள்.

அப்பா, இனி உங்கள் கையில்.

சிவரூபினி

*

நியூ ஜெர்சி
1 பெப்ரவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகமா? உங்கள் பதில் இன்னும் வரவில்லை. போன ஞாயிறு நீங்கள் போனை எடுக்கவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் உங்களைக் கடையடியில் கண்டதாகச் சொன்னதால்தான் நிம்மதி.

நேற்று அறிவித்தல் வந்தது. காங்கிரஸ் உறுப்பினர் கொடுத்த பெயர்களில் கம்சிகாவின் பெயர் இருக்கிறது. இவர் கேக் வாங்கி வந்தார். அவள் வெட்டவில்லை. "அம்மப்பா இன்னும் சொல்லேல்லை" என்று ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டாள். யாருக்கும் சொல்லவும் விடவில்லை.

இனி அகடமி எடுக்குமா இல்லையா என்பது சித்திரை அளவில் தெரியும். அதற்கு முன்பு அவள் விலகுவதானால் விலகலாம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை, அப்பா. நீங்கள் எழுதுவதை அப்படியே வாசிப்பேன்.

உங்கள் மகள்,
சிவரூபினி

*

வெம்பிளி
23 பெப்ரவரி 2025

அன்புப் பேத்தி கம்சிகாவுக்கு,

அம்மப்பா எழுதுவது. உன் அம்மா இதை உனக்கு வாசிப்பாள். ரூபி, ஒரு சொல்லையும் மாற்றாதே. மாற்றினால் பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

நீ சுகமாக இருக்க வேண்டும். எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. பதில் பிந்தியதற்கு நோய் காரணம் இல்லை, பயம். போனை எடுக்காததற்கும் அதுவேதான் காரணம்.

நான் அந்தக் காங்கிரஸ்காரரிடம் கேட்டது இப்போது என் கையிலேயே கிடைத்திருக்கிறது. ஒரு சொல் எழுதினால் போதும், நீ வீட்டில் இருப்பாய். உன் அம்மா பயமில்லாமல் சாப்பிடுவாள். இந்த ஒரு மாதமும் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு திரிந்தேன். இரண்டு முறை எழுதி உறைக்குள்ளும் வைத்தேன். ஈலிங் ரோட்டுத் தபால் கந்தோர் வரை கொண்டுபோனேன். திரும்பக் கொண்டுவந்தேன்.

உன் மாமாவைப் பற்றி நானே சொல்கிறேன். ரதீசனுக்குப் படிப்பு ஓடாது, வள்ளம் ஓடும். நல்லாய்ப் பாடுவான். சண்டைக்குத் தப்பி அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போக நின்ற சனங்களை ஏற்றிக்கொண்டு போனான். விடிய எழும்பிப் பார்த்தோம், பாய் சுருட்டி வைத்திருந்தது. எங்களிடம் கேட்கவில்லை. கேட்டால் நான் வேண்டாம் என்பேன் என்று அவனுக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. அவன் எங்கே, என்ன ஆனான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நெருப்புக் காய்ச்சல் இல்லை என்பது மட்டும் தெரியும்.

நான் வேண்டாம் என்பேன் என்று உனக்கும் தெரியும். என் கடிதத்தையே அம்மா வாசிக்கக் கேட்டாய். அப்படியிருந்தும் நீ என்னிடம் கேட்டாய், பிள்ளை. அவன் செய்யாததை நீ செய்தாய். கேட்ட பிள்ளைக்கு அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் உன்னை எடுத்தால் நீ போ.

எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. அது போகாது. நீ கப்பலில் இருக்கும் நாளெல்லாம் எனக்குச் சாப்பாடு இறங்காது. அது என் பாடு, நீ சுமக்க வேண்டியது இல்லை. நீ எங்கே நிற்கிறாய் என்று சொல்லக் கூடியதை மட்டும் சொல். சொல்லக் கூடாததைச் சொல்லாமல் விடு. ஆனால் சுகம் என்று மட்டும் பொய் சொல்லாதே. உன் அம்மாவும் நானும் போதும் அதற்கு.

ரூபி, இது உனக்கு. உன் பயத்தையும் நீ அவளிடம் சொல். நான் லண்டனில் இருந்து எழுதித் தெரிவிக்க வேண்டிய காரியம் இல்லை அது.

பிள்ளை, எடுத்தால் ஆடி மாதமளவில் சேர்ப்பார்களாம், முதல் நாள் சத்தியம் எடுப்பதைக் குடும்பத்தார் இருந்து பார்க்கலாமாம். ஜதுர்ஷிகாதான் தேடிச் சொன்னாள். என்னிடம் இங்கத்தைய பாஸ்போர்ட் இருக்கிறது. நான் வருகிறேன். அவ்வளவு சீருடைக்காரருக்கு நடுவில் நான் என் விருப்பத்தோடு ஒரு நாளும் இருந்ததில்லை. அதனால் என்னை முன்வரிசையில் இருத்த வேண்டாம். வாசலுக்குக் கிட்ட, உன் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போதும்.

ஃபிரிட்ஜில் இருக்கும் கேக் பழுதாகியிருக்கும். வேறொன்று வாங்கி வெட்டு.

அன்புடன்,
உன் அம்மப்பா